காப்பும் காவலும்

மோட்டார் வாகனங்களைப் பற்றிய ஆங்கில அறிவிக்கைகளைத் தமிழாக்கும் பணியில் ஈடுபட்டோர்க்கு ஓயாது தொல்லை தரும் சொற்களுள் 'பாதுகாப்பு' என்பது ஒன்று. ஆங்கிலத்தார் 'சேஃப்டி' என்றும் 'செக்யூரிட்டி' என்றும் பிரித்து வழங்கும் இரு கருத்துக்களுக்கும் நாம் இந்த ஒரு சொல்லையே ஆண்டு வருகிறோம். விபத்தில் உயிர் பிழைக்கச் செய்யும் பட்டையும் பாதுகாப்பே. வாயிலில் நிற்கும் காவற்காரனும் பாதுகாப்பே. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டத் தமிழில் சொற்கள் இல்லாமற் போகவில்லை. முன்னதைக் காப்பு என்றும் பின்னதைக் காவல் என்றும் கூறலாம். காப்பு, ஒருவனுக்கு நேரவிருக்கும் தீங்கைத் தடுக்கிறது. காவல், அவன் என்ன செய்கிறான் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

மோட்டார் வண்டிகளில் இன்னின்ன கருவிகள் இருந்தே தீரவேண்டும் என்று உலக நாடுகளின் அரசாங்கங்கள் விதிக்கும் பட்டியல் ஆண்டுதோறும் நீண்டு வருகிறது. இது தனிமனித சுதந்திரத்தில் தலையிடுவதாகும் என்பர் ஒரு சாரார். உயிரினும் சுதந்திரம் பெரிதோ என்பர் மற்றொரு சாரார். காப்பையும் காவலையும் ஒன்றாகக் கருதி இரு சாராரும் வாதிடுவதாலேயே இவ்வழக்கு முடிவுறாதிருக்கிறது என்பது என் கருத்து. காக்கும் கருவியைக் கட்டாயமாக்க அரசாங்கத்திற்கு முழு உரிமை உண்டு. காவல் செய்யும் கருவியைக் கட்டாயமாக்குமுன், அது யாரிடம் கணக்கு ஒப்புவிக்கிறது என்பதைச் சட்டம் வரையறுத்தாக வேண்டும். இக்கருத்தைச் சான்றுகளுடன் ஈண்டு விளக்க முற்படுகிறேன்.

பட்டியல் வளர்ந்த வரலாறு

1959ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின், மூன்று இடங்களில் பிணைக்கப்பெறும் இருக்கைப் பட்டையை அமைத்தார். சீட் பெல்ட் என்று நாம் இன்று வழங்குவது இதுவே. மார்பின் குறுக்காகவும் இடுப்பின் குறுக்காகவும் சென்று, ஒரே கொக்கியில் மாட்டிக்கொள்ளக்கூடிய இதன் எளிமையே இதன் வெற்றிக்குக் காரணம். பிற உற்பத்தியாளர்களும் இதனைத் தடையின்றிப் பயன்படுத்திக்கொள்ள அந்நிறுவனம் இசைந்தது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், ரால்ஃப் நேடர் 1965இல் வெளியிட்ட நூல் மோட்டார் தொழிலதிபர்களின் அசட்டையைப் பொதுமக்களுக்கு எடுத்துக் காட்டியது. மறு ஆண்டே வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 1968 முதல் கார்களில் பட்டை பொருத்துவது கட்டாயமாயிற்று. எனினும் பட்டை வண்டியில் இருப்பது வேறு. மனிதன் அதை அணிவது வேறு. அணிவதையும் கட்டாயமாக்கும் சட்டத்தை 1970இல் முதன்முதலாகக் கொணர்ந்தது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். பிரிட்டனில் முன்னிருக்கையினர்க்கு 1983இல் அவ்விதி நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க மாநிலங்களுள் நியூயார்க் 1984இல் இதற்கெனச் சட்டமியற்றியது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வயது வந்தோர் பட்டை அணிய வேண்டுமென்ற சட்டம் இன்றளவும் இல்லை.

நம் நாட்டில் 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து புதிய கார்களில் ஓட்டுநருக்குக் காற்றுப் பை, பட்டை அணியுமாறு நினைவூட்டும் ஒலி, வேகம் மிகும்போது எச்சரிக்கும் ஒலி, பின்னோக்கிச் செல்கையில் தடையை உணர்த்தும் கருவி ஆகியன கட்டாயமாயின. பெரிய மோட்டார் சைக்கிள்களில் சக்கரம் பூட்டிக்கொள்ளாது தடுக்கும் பிரேக் அமைப்பு, 2018, 2019ஆம் ஆண்டுகளில் படிப்படியாக விதிக்கப்பட்டது. காருக்கு ஆறு காற்றுப் பைகள் வேண்டும் என்ற வரைவு அறிவிக்கை 2022 ஜனவரியில் வெளியாயிற்று. பின்னர் ஒத்திவைக்கப்பட்டு, அது கட்டாயமாக்கப்படாது என்று 2023 செப்டம்பரில் அமைச்சர் அறிவித்தார். அதற்கு முந்தைய மாதத்தில், மோதற் சோதனையில் கார்கள் பெறும் தரத்தை நட்சத்திரங்களால் குறிக்கும் பாரத் என்கேப் திட்டம் தொடங்கப்பெற்றது. கட்டாயத்தைக் கைவிட்டு, அறிவைப் பரப்பும் வழியை அரசாங்கம் இவ்விஷயத்தில் மேற்கொண்டது எனலாம்.

விஞ்ஞானம் கூறுவது

மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது இன்று யாரும் அஞ்சும் வேகமன்று. வினாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். ஆனால் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையை எட்டும்போது அடைந்திருக்கும் வேகமும் இதுவே. மூன்றாம் மாடியின் விளிம்பில் நிற்கும்போது நமக்குத் தோன்றும் அச்சம், இவ்வேகத்தில் செல்லும் வண்டிக்குள் அமர்ந்திருக்கையில் தோன்றுவதில்லை. கண்ணுக்குப் புலப்படாத அபாயம் இதுவாகும்.

வண்டி சுவரில் மோதி நிற்கும்போது அதன் முன்பகுதி நசுங்குகிறது. பட்டையும் சிறிது இளகிக் கொடுக்கிறது. இவ்விரண்டாலும் மனித உடல் நிற்பதற்கு ஏறத்தாழ அரை மீட்டர் தூரம் கிடைக்குமாயின், உடலின் மீது அதன் எடையைப் போல் சுமார் 20 மடங்கு விசை தாக்கும். பட்டை அணியாதவரோ முன்னோக்கிச் சென்று, ஏற்கெனவே நின்றுவிட்ட பலகையில் மோதிச் சில சென்டிமீட்டர் தூரத்திற்குள் நிற்க நேரும். ஐந்து சென்டிமீட்டர் என்று கொண்டால் விசை 200 மடங்காகும். முன்னதில் பெரும்பாலோர் உயிர் பிழைப்பர். பின்னதில் பிழைப்பது அரிது.

இக்கணக்கைத் தாய் மடியில் அமர்ந்திருக்கும் குழந்தைக்கும் பொருத்திப் பார்க்கலாம். 10 கிலோ எடையுள்ள குழந்தை அக்கணத்தில் 200 கிலோ எடையாகி விடுகிறது. எந்தத் தாயின் கைகளும் அதனைத் தாங்கமாட்டா. அன்பு குறைவதால் அன்று, பௌதிக விதியால் குழந்தை கைநழுவுகிறது.

ஏர்பேக் எனப்படும் காற்றுப் பை, ஒரு வினாடியில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு நேரத்திற்குள் விரிகிறது. இது பட்டைக்குத் துணையேயன்றி மாற்று அன்று. பட்டை அணியாதவர் விரியும் பையை நோக்கி வீசப்படுவாராயின், பையே அவருக்குத் தீங்கு செய்யக்கூடும்.

சுதந்திர வாதமும் அதன் விடையும்

ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில், 1859இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில், பிறர்க்குத் தீங்கு நேராத வரையில் ஒருவன் செயலில் சமூகம் தலையிடலாகாது என்று வாதிட்டார். அவரே ஒரு பாலத்தை உதாரணமாகக் காட்டுகிறார். இடியும் நிலையிலுள்ள பாலம் என்று அறியாது அதில் கால்வைக்கப் போகும் ஒருவனைப் பிடித்து நிறுத்துவது அவன் சுதந்திரத்திற்கு இழுக்கன்று. ஆற்றில் விழுவது அவன் விருப்பமன்று அன்றோ? ஆனால் அபாயம் உறுதியாயிராது, நேரக்கூடியதாக மட்டும் இருக்குமாயின், அவனை எச்சரித்துவிட்டு முடிவை அவனிடமே விடவேண்டும் என்பது மில்லின் கொள்கை. இது எளிதில் தள்ளத்தக்க வாதமன்று. சுதந்திரத்தைப் பற்றிப் பேசுவோரைப் பொறுப்பற்றவர் என்று ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது.

எனினும் காக்கும் கருவிகளைப் பொறுத்தவரை இவ்வாதம் நிலைபெறாமைக்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, பின்னிருக்கையில் பட்டையின்றி அமர்ந்தவர், மோதலின்போது முன்னிருக்கையில் இருப்பவர் மீது தம் எடையின் பன்மடங்கு விசையுடன் வீசப்படுகிறார். தம் உயிரை மட்டுமே பணயம் வைப்பதாக அவர் கருதலாம்; உண்மை அதுவன்று.

இரண்டாவது, குழந்தைகள். அவர்களுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் இல்லை. தேர்ந்தெடுக்கும் அறிவும் இல்லை.

மூன்றாவது காரணம் நம் நாட்டிற்குச் சிறப்பாக உரியது. மேனாடுகளில் பெரும்பாலும் வண்டியை வாங்குபவரே ஓட்டுபவர். இங்கோ, வாங்குபவர் ஒருவர், கூலிக்கு ஓட்டுபவர் மற்றொருவர், வாடகை கொடுத்து ஏறுபவர் வேறொருவர். பத்தாண்டுகளுக்குப் பின் அதே வண்டியைப் பழைய விலைக்கு வாங்குபவர் இன்னும் ஒருவர். சில ஆயிரம் ரூபாய் மிச்சப்படுத்தக் காற்றுப் பை வேண்டாமென முடிவு செய்யும் சுதந்திரம் முதலாமவரிடம் இருக்கிறது. அதன் விலையைச் செலுத்துவோர் மற்ற மூவர். இதைத் தனிமனித சுதந்திரம் என்று கூறுவதைவிடப் பிறர் உயிரின் மீது ஒருவர் செலுத்தும் அதிகாரம் என்று கூறுவதே பொருந்தும். நட்சத்திரத் தரம் காட்டும் திட்டம் நல்லதே. ஆனால் வாடகை வண்டியின் ஓட்டுநர் நட்சத்திரங்களை எண்ணிப் பார்த்து வேலைக்குச் சேர்வதில்லை.

இரு சக்கர வண்டியில் தலைக்கவசம் அணியுமாறு கட்டாயப்படுத்துவது, அரசியலமைப்பு வழங்கும் இயங்கும் உரிமையைப் பறிப்பதாகாது என்று உச்ச நீதிமன்றம் 1988இலேயே தீர்ப்பளித்துள்ளது. எனினும் சட்டம் கண்மூடித்தனமாக இல்லை. தலைப்பாகை அணியும் சீக்கியர்க்கு மோட்டார் வாகனச் சட்டமே விலக்களித்துள்ளது.

இவற்றின் பின்னணியில் உள்ள எண்களையும் நோக்க வேண்டும். மத்திய அரசாங்கத்தின் அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலை விபத்துக்களில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் இரு சக்கர வண்டியினர் 44.5 விழுக்காட்டினர். பட்டை அணியாது இறந்தோர் 16,715 பேர். தலைக்கவசம் அணியாது இறந்தோர் 50,029 பேர். பட்டை அணியாதவர்களுள் ஓட்டுநரும் உடன் சென்றோரும் ஏறத்தாழச் சரிபாதி என்பது கருதத்தக்கது.

கட்டாயம் தவறிய இடங்கள்

காப்பு நல்லது என்பதால் காப்பின் பெயரால் விதிக்கப்படுவன யாவும் நல்லவை என்று முடிவு கட்டிவிடலாகாது. வரலாறு இதற்கு இரண்டு பாடங்கள் தருகிறது.

1974ஆம் ஆண்டு மாதிரி அமெரிக்கக் கார்களில், முன்னிருக்கையினர் பட்டையை மாட்டினாலன்றி யந்திரம் இயங்காதபடி ஒரு பூட்டு அமைக்கப்பட்டது. இருக்கையின் மேல் வைத்த காய்கறிப் பையையும், ஏறி அமர்ந்த நாயையும் அது மனிதராகக் கொண்டு வண்டியை இயங்கவிடாது நிறுத்தியது. பொதுமக்களின் சினம் எல்லை கடந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்கக் காங்கிரஸ் அப்பூட்டைக் கட்டாயமாக்குவதையே சட்டத்தால் தடுத்துவிட்டது; நினைவூட்டும் ஒலியும் எட்டு வினாடிக்கு மேல் ஒலிக்க வேண்டுமென விதிக்கலாகாது என்றும் கூறிற்று. முதல் மாநிலம் பட்டை அணிவதைக் கட்டாயமாக்க அதன்பின் பத்தாண்டுகள் ஆயின.

இரண்டாவது பாடம் இதனினும் துயரமானது. அமெரிக்கர் பலர் பட்டை அணிய மறுத்தமையால், பட்டை அணியாத நடுத்தர உடலமைப்புள்ள ஆண் ஒருவரைக் காக்குமாறு காற்றுப் பைகளின் சோதனை விதி வகுக்கப்பட்டிருந்தது. அதற்கேற்பப் பைகள் மிக்க வேகத்துடன் விரியுமாறு அமைக்கப்பட்டன. 1990ஆம் ஆண்டுகளில் அப்பைகள் ஆயிரக்கணக்கானோரைக் காத்தன. ஆயினும் முன்னிருக்கையில் இருந்த குழந்தைகள் பலரையும், உயரம் குறைந்த பெண்கள் சிலரையும் அவையே கொன்றன. 1997இல் பைகளின் வேகத்தைக் குறைக்க விதி திருத்தப்பட்டது. 1998 முதல், தக்க காரணமுடையோர் அனுமதி பெற்றுப் பையை நிறுத்தி வைக்கும் விசை பொருத்திக்கொள்ளவும் இடமளிக்கப்பட்டது. ஒரே அளவுள்ள மனிதரை மனத்திற்கொண்டு விதி வகுப்பது, அந்த அளவில் இல்லாதவர்க்கு எமனாக முடியலாம் என்பதை இது உணர்த்துகிறது.

நம் நாட்டில் நிகழ்ந்தது வேறு வகையினது. நினைவூட்டும் ஒலியை ஏமாற்றுவதற்கென்றே, பட்டையின்றிக் கொக்கியை மட்டும் செருகும் சிறு உலோகத் துண்டுகள் விற்பனைக்கு வந்தன. புட்டி திறப்பான் என்றும் சிகரெட் பற்றவைப்பான் என்றும் பெயர் சூட்டி அவற்றை விற்றோரும் உளர். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதத்தில் ஐந்து இணைய வணிக நிறுவனங்களுக்கு எதிராக ஆணை பிறப்பித்தது. இத்தகைய 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. ஆணை மிகச் சரியானதே. ஆனால் விலை கொடுத்து வாங்கிய காப்பை, மறுபடியும் விலை கொடுத்துச் செயலிழக்கச் செய்ய ஒருவர் ஏன் முற்படுகிறார் என்ற வினா எஞ்சி நிற்கிறது. அவர் காதுக்கு அவ்வொலி தம்மைக் காக்க வந்ததாகப் படவில்லை. அதிகாரி ஒருவர் வண்டிக்குள் ஏறி அமர்ந்துவிட்டதாகவே படுகிறது.

கருவிகளின் நான்கு வகை

இன்றைய கருவிகளை அவை செய்யும் தொழிலை ஒட்டி நான்காக வகுக்கலாம். காப்பன, எச்சரிப்பன, தடுப்பன, பதிவன என்பவை அவை.

பட்டை, காற்றுப் பை, உறுதியான உடற்கூடு, பூட்டிக்கொள்ளாத பிரேக் ஆகியன காப்பன. இவை யாரையும் வேவு பார்ப்பதில்லை. யாருடைய விருப்பத்தையும் மறுப்பதில்லை. விலை மலிந்த வண்டிக்கும் விலையுயர்ந்த வண்டிக்கும், முன்னிருக்கைக்கும் பின்னிருக்கைக்கும் வேற்றுமையின்றி இவற்றை விதிக்கலாம், விதிக்கவும் வேண்டும்.

எச்சரிப்பன மில் கூறிய பாலத்தின் அருகே நின்று கூவுபவனை ஒத்தன. ஐரோப்பிய யூனியனில் 2024 ஜூலை முதல் புதிய கார்கள் அனைத்திலும், வேக வரம்பை அறிந்து ஓட்டுநர்க்கு உணர்த்தும் கருவி இருந்தாக வேண்டும். ஆயினும் ஓட்டுநர் அதனை மீறலாம், அணைத்தும் வைக்கலாம். மறுமுறை வண்டியைக் கிளப்புகையில் அது தானே விழித்துக்கொள்ளும். இறுதி முடிவை மனிதனிடம் விடும் இவ்வமைப்பு பாராட்டத்தக்கது.

தடுப்பனவற்றில் மிக்க எச்சரிக்கை வேண்டும். மது அருந்தியவர் வண்டியை ஓட்ட இயலாதபடி தடுக்கும் கருவி புதிய வண்டிகளில் இடம்பெற விதி வகுக்குமாறு அமெரிக்கச் சட்டம் ஒன்று 2021இல் பணித்தது. மூன்றாண்டுக் கெடுவுக்குள் இறுதி விதி வெளிவரவில்லை. நோக்கத்தை யாரும் குறைகூறார்; இடர் கணக்கில் இருக்கிறது. ஆயிரத்தில் ஒரு முறை மட்டுமே தவறும் கருவி என்று கொள்வோம். நாளொன்றுக்கு ஒரு கோடி முறை வண்டிகள் கிளப்பப்படுமாயின், குற்றமற்ற பதினாயிரம் பேர் நாள்தோறும் நிறுத்தப்படுவர். அவர்களுள் ஒருவர் பிரசவ வேதனையில் உள்ள மனைவியை ஏற்றிச் செல்பவராக இருக்கலாம். குடித்து ஓட்டியமை நிரூபிக்கப்பட்டவரின் வண்டியில் நீதிமன்ற ஆணையின்படி இத்தகைய பூட்டை அமைப்பது நியாயம்; எல்லோரையும் குற்றவாளியாகக் கொண்டு தொடங்குவது நியாயமாகாது. பல உயிர்களைச் சுமந்து செல்லும் பஸ்ஸுக்கும், பெரும் பாரம் ஏற்றிய லாரிக்கும் வேகத் தடை விதிப்பது வேறு. அவை கூலிக்கு இயங்குவன, பொதுமக்களிடம் பொறுப்புடையன.

நான்காம் வகையான பதிவனவே முழுமையான காவல். விபத்துக்குச் சற்று முன்னும் பின்னும் வண்டியின் வேகத்தையும் பிரேக்கையும் பதிந்து வைக்கும் கருவியை ஐரோப்பிய யூனியன் கட்டாயமாக்கியுள்ளது. ஆனால் அப்பதிவில் வண்டிக்குரியவர் இன்னார் என்பது வெளிப்படலாகாது என்றும், விபத்து ஆராய்ச்சிக்கே அது பயன்பட வேண்டும் என்றும் அதே சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. அமெரிக்காவிலோ, வண்டி ஓட்டும் முறையைப் பற்றிய விவரங்களை, வாடிக்கையாளர் தக்கபடி இசையாமலே, காப்புறுதி நிறுவனங்களுக்குத் தகவல் தருவோரிடம் ஒரு பெரிய மோட்டார் நிறுவனம் விற்றதாக வழக்கு எழுந்தது. 2025 ஜனவரியில் மத்திய வணிக ஆணையம் அத்தகைய பகிர்வை ஐந்தாண்டுகளுக்குத் தடை செய்ய முற்பட்டது. கருவி ஏறத்தாழ ஒன்றே. ஒரு நாட்டில் அது மருத்துவன் போல் நடந்துகொள்கிறது. மற்றொரு நாட்டில் ஒற்றன் போல் நடந்துகொண்டது. வேற்றுமை யந்திரத்தில் இல்லை; சட்டத்தில் இருக்கிறது.

நம் நாட்டில் வாடகைப் பயணி வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவியும் அபாயப் பொத்தானும் வேண்டுமென 2016இல் அறிவிக்கை வெளியாயிற்று. தனியே பயணம் செய்யும் பெண்ணுக்கு இக்காவலே காப்பு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதே கருவி நாளை ஒவ்வொருவரின் சொந்த வண்டியிலும் நுழையுமாயின், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும், 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் முன்வைத்து அதனை ஆராய வேண்டியிருக்கும்.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து நான்கு முடிவுகள் பெறப்படுகின்றன. காக்கும் கருவிகளில் விலையைக் காரணம் காட்டி விலக்கு அளிக்கலாகாது. எந்தக் கருவியைக் கட்டாயமாக்கினாலும், அதனால் காக்கப்பட்டோர் எத்தனை பேர், துன்புற்றோர் எத்தனை பேர் என்ற கணக்கைக் குறித்த காலத்திற்கு ஒருமுறை வெளியிட்டு விதியை மறு ஆய்வு செய்தல் வேண்டும். குழந்தைக்கும், பெண்ணுக்கும், முதியவர்க்கும் ஏற்பச் சோதனைகள் அமைய வேண்டும். பதியும் கருவியின் விவரங்கள் வண்டிக்குரியவர்க்கே உடைமை என்றும், நீதிமன்ற ஆணையின்றிப் பிறர் கைப்படலாகாது என்றும், அவற்றை விற்பது குற்றம் என்றும் சட்டம் தெளிவாகக் கூற வேண்டும்.

இவற்றோடு, மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஐந்தாவதாக ஒன்று கூற விரும்புகிறேன். பட்டை அணியாவிடில் அபராதம் 1,000 ரூபாய் என்பதை நம் நாட்டு ஓட்டுநர் யாவரும் அறிவர். மோதலின் விசை 20 மடங்கா 200 மடங்கா என்பதைப் பட்டை முடிவு செய்கிறது என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. அபராதத்தின் செய்தி எல்லா மொழிகளிலும் வந்து சேர்கிறது. அதற்கு அடிப்படையான விஞ்ஞானமோ பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே தங்கிவிடுகிறது. வண்டியுடன் தரப்படும் கைநூல்களும் அவ்வாறே. ஆங்கிலம் அறியாத லாரி ஓட்டுநர்க்கு அவ்வெச்சரிக்கை விளக்கு வெறும் செந்நிறப் புள்ளி. வண்டியில் இன்ன கருவி இருக்க வேண்டும் என்று விதிக்கும் அரசாங்கம், அது ஏன் இருக்கிறது, எதைப் பதிகிறது, யாரிடம் சொல்கிறது என்னும் மூன்று விவரங்களையும் வாங்குபவரின் தாய்மொழியில் ஒரே பக்க அளவில் அச்சிட்டுத் தரவேண்டும் என்றும் விதிப்பது அரிய காரியமன்று.

தன் மொழியில் காரணத்தை உணர்ந்தவன் பட்டையைத் தானே மாட்டிக்கொள்வான். போலிக் கொக்கியைத் தேடிக் கடைக்குச் செல்லமாட்டான். ஏதேனும் ஒரு கருவி தன்னைக் காக்கவில்லை, வெறுமனே கண்காணிக்கிறது என்று கண்டால், அதனை எதிர்த்துக் கேட்கவும் அவனுக்குச் சொற்கள் கிடைக்கும். அரசாங்கம் அந்தக் கேள்விக்கு விடை கூறக் கடமைப்பட்டது.